மறதிநோயுள்ள தாயுடன் சென்னைக்கு: திருகோணமலைக் குடும்பம் ஒன்றின் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

## இந்தப் பதிவு

இது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் வசிக்கும் ஒரு குடும்பத்தில் 2024ஆம் ஆண்டு நடந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அவர்களின் அயலவர், ஓய்வுபெற்ற தாதி. பயணத்தில் நான் போகவில்லை. திட்டம் போடும்போது கூட இருந்தேன், சென்னையிலிருந்து மகள் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் சொன்னேன். மிச்சமெல்லாம் மகள் ஒரு சீஆர் கொப்பியில் நாள்வாரியாக எழுதிவைத்ததிலிருந்து எடுத்தவை.

மறதிநோய் உள்ள ஒருவரை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்ற பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "டொக்டர் என்ன சொன்னவர்?" என்பதுதான். டொக்டரின் கடிதம் தேவைதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் முடிவை மாற்றியது, பயணத்துக்கு முன்னர் வீட்டுக்கு வெளியே கழித்த ஓர் இரவு. அதனால் அந்த இரவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

## பின்னணி

அம்மாவுக்கு அப்போது 77 வயது. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், காலமாகிப் பல வருடங்கள். அம்மா வீட்டிலிருந்து தையல் தொழில் செய்தவர். அந்த ஒழுங்கையில் அவரிடம் கலியாணச் சட்டை தைக்காத வீடு குறைவு. மூத்தவர் மகன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடா போனவர். இளையவர் மகள், அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். அம்மா இருப்பது மகளோடு. மருமகனுக்கு வேறு மாவட்டத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பேத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

நோய் 2021இல் தெரியவந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டைகள் பிழைக்கத் தொடங்கின, ஒரே துணிக்கு இரண்டு தடவை காசு கேட்டார். வயதுக்கோளாறு என்று கொஞ்சக் காலம் விட்டார்கள். பிறகு கிளினிக்கில் தைரொய்ட், விற்றமின் பி12 இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். இவற்றில் குறைபாடு இருந்தாலும் மறதி வரும், அதை மருந்தால் சரிசெய்ய முடியும் என்பதால் முதலில் அதைப் பார்ப்பார்கள். தலையை ஸ்கான் எடுத்துப் பார்த்தபின், அல்சைமர் வகை மறதிநோய் என்றார்கள். அதற்கான டொனெபெசில் குளிசை தொடங்கப்பட்டது. பிறஷருக்கும் நீரிழிவுக்கும் ஏற்கனவே குளிசை எடுத்துவந்தார்.

2024 தொடக்கத்தில் நிலைமை இதுதான்: காலையில் நல்ல தெளிவு. சொல்லிக்கொடுத்தால் தானே குளிப்பார், சாப்பிடுவார், பூப் பறிப்பார். பின்னேரம் ஐந்தரை தாண்டினால் ஆளே வேறு. "வீட்ட போகோணும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். இருக்கும் வீடு அவருடைய சொந்த வீடுதான், நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த வீடு. பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுகிற ஒன்று.

## மகனின் விருப்பம்

பேரனுக்குக் கலியாணம் சரிவந்தது. பெண்ணும் ரொறன்ரோவில்தான் இருக்கிறாள், பெண்வீட்டார் சென்னைக்காரர். தாலிகட்டு ரொறன்ரோவில், ஆவணியில் சென்னையில் ஒரு வரவேற்பு என்று முடிவாகியிருந்தது. மகனுக்கு அம்மாவை ரொறன்ரோவுக்கே எடுக்கவேண்டும் என்று ஆசை. பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு விண்ணப்பித்து, ஒரு வருடமாவது தன்னோடு வைத்திருக்கலாம் என்று யோசித்தார். அந்த விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். அதையும் தானே கட்டுவதாகச் சொன்னார்.

மகளுக்கும் அவருக்கும் இதில் மனக்கசப்பு வந்தது. "தங்கச்சி, அம்மா என்னோட நல்லாத்தானே கதைக்கிறா. நீ வீணாப் பயப்பிடுறாய்" என்றார் அவர். "அண்ணா, நீங்கள் அவவக் காலமையில மட்டும்தான் பாக்கிறியள்" என்றார் மகள்.

இந்தப் பதிலில் பெரிய விஷயம் இருக்கிறது. கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அவர் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் வந்தால் இங்கே காலை ஆறரை. அம்மா குளித்து, திருநீறு பூசி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் நேரம். நாளிலேயே நல்ல நேரம் அது. வருடக்கணக்காக அவர் கண்டது அந்த அம்மாவைத்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வேறு வீடுகளிலும் இதே சண்டையைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை சொல்வதிலும் பொய் இல்லை, கூட இருப்பவர் சொல்வதிலும் பொய் இல்லை.

நான் சொன்ன யோசனை இரண்டு. ஒன்று, பின்னேரம் ஆறரைக்கு அம்மாவை அவருக்கு வீடியோவில் காட்டுங்கள். அவருக்கு அது காலை ஒன்பது மணி, ஞாயிற்றுக்கிழமை என்றால் முடியும். மற்றது, முடிவெடுக்க முன்னர் அம்மாவை வேறு எங்காவது ஓர் இரவு தங்கவைத்துப் பாருங்கள். இரண்டையும் செய்தார்கள்.

## மட்டக்களப்பில் ஓர் இரவு

அம்மாவின் தங்கை மட்டக்களப்பில் இருக்கிறார். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக வான் வண்டியில் போனார்கள். பகல் பயணம் பிரச்சினையில்லை. கிண்ணியாவுக்குக் கிட்டப் போகும்போது, "பாதை வந்திட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தாகிவிட்டது. அவருடைய மனதில் வாகனங்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் அந்தப் பாதைதான் இருந்தது. மகள் திருத்தவில்லை. "வந்திட்டுது அம்மா, ஏறிட்டம்" என்றார். அதோடு அமைதி.

வழியில் கழிப்பறைக்குப் போக மறுத்துவிட்டார். தெரியாத இடம், ஈரத் தரை, உள்ளே இருட்டு. தங்கை வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டே இருந்தார்.

தங்கையைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது, மதியம் முழுக்கச் சிரிப்பு. பின்னேரம் வழக்கம்போல "வீட்ட போகோணும்". எட்டரைக்குப் படுக்கவைத்தார்கள். மகள் பக்கத்துக் கட்டிலில். இரவு இரண்டு மணிபோல் நாய் குரைக்கிற சத்தத்தில் மகள் எழும்பினால் கட்டிலில் அம்மா இல்லை. பின் கதவின் கொண்டியைத் தானே கழற்றி, கேற்றைத் திறந்து, ஒழுங்கை முனைவரை போயிருந்தார். கையில் தலையணை உறை. கழிப்பறை தேடி எழும்பி, தன் வீட்டில் அது இருக்கும் திசையில் நடந்திருக்கிறார் என்று பிறகு விளங்கியது. உப்புவெளி வீட்டில் கட்டிலிலிருந்து இறங்கி இடப்பக்கம் போனால் கழிப்பறை. தங்கை வீட்டில் இடப்பக்கம் பின் கதவு.

அந்த இரவு தந்த தகவல் எந்தக் கடிதத்திலும் இருந்திருக்காது. கூட்டமும் வாகனமும் தூரமும் அவருக்குப் பெரிய சிக்கலில்லை. ஆபத்து இருந்தது புதிய வீட்டின் முதல் இரவில். அதுவும் கழிப்பறைக்குப் போகும் அந்த ஐந்து நிமிடத்தில்.

## எடுத்த முடிவும் காரணங்களும்

ரொறன்ரோ கைவிடப்பட்டது. வீடியோவில் பின்னேரத்து அம்மாவைப் பார்த்ததும், மட்டக்களப்பில் நடந்ததைக் கேட்டதும் மகன் தானாகவே இறங்கிவந்தார். காரணங்களை நாங்கள் இப்படிப் பேசினோம். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு இன்னொரு பதின்மூன்று பதினான்கு மணி நேரம். போய் இறங்கினால் இரவு பகலாகவும் பகல் இரவாகவும் இருக்கும். பொழுது சாய்வதே தாங்காத ஒருவருக்கு நாளே புரண்டுபோனால் என்ன ஆகும்? விசாவுக்கே கைரேகை கொடுக்க நேரில் போகவேண்டும், 79 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிலிருந்து விலக்கு. ஒரு வருடம் அங்கே இருப்பதென்றால் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு பகலில் யார் பார்ப்பது என்பதற்கும் பதில் இல்லை.

சென்னைக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். பறப்பு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். மொழி தெரிந்த ஊர். இந்திய விசாவை இணையத்திலேயே எடுக்கலாம். வரவேற்பும் அங்கேதான்.

எந்த விமான நிலையம் என்பதிலும் யோசித்தார்கள். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு விமானங்கள் அதிகம், ஆனால் பெரிய நிலையம், நீண்ட வரிசை, தெரிந்தெடுக்கக் கிடைத்த நேரங்களும் இரவில். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து பகலில் விமானம் இருந்தது. சிறிய நிலையம், ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரியும். குறை என்னவென்றால் ஏடிஆர் ரக விமானம், வாசல் படிகளில் தானே ஏறவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பலாலி என்று முடிவானது. யாழ்ப்பாணத்தில் முதல்நாள் தங்கிப் போகலாம் என்று மருமகன் சொன்னதை மகள் ஏற்கவில்லை. "ஒரு முதல் இரவே போதும், ரெண்டு வேண்டாம்" என்றார். சரியான கணக்கு.

அம்மாவின் சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. வெவ்வேறு காலைகளில் மகள் கேட்டார்: "அம்மா, பேரன்ட கலியாணத்துக்குச் சென்னைக்குப் போவமா?" கேட்ட ஒவ்வொரு காலையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு காலையும் "போவமே" என்றார். மறந்துபோனாலும் பதில் மாறவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## ஆயத்தம்

கிளினிக் டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தந்தார். நோயின் பெயர், குளிசைகளின் பெயரும் அளவும், பயணிக்கத் தகுதி, கூடவே ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும் என்ற குறிப்பு. மருந்துகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், மருந்துத்துண்டோடு எடுத்தார்கள்.

வான் வண்டியில் சத்தி (வாந்தி) வராமலிருக்கப் பினர்கன் கொடுக்கலாமா என்று மருமகன் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் தூரப் பயணம் என்றால் அது வழக்கம். டொக்டர் வேண்டாம் என்றார். பினர்கன் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மூளையில் அசெற்றைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பவை. டொனெபெசில் கொடுப்பதே அந்தப் பொருளைக் கூட்டத்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பது. வயதானவருக்கு அது குழப்பத்தையும் கூட்டும். விமானத்தில் தூங்கவைக்கப் புதிதாகத் தூக்கமாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்.

விமானச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டார்கள். அம்மா நடப்பார். ஆனாலும் நாற்காலி இருந்தால் வரிசை குறையும், ஒரு பணியாளர் கூடவே வருவார். மகளின் கையும் ஓய்வாக இருக்கும்.

காப்புறுதி எடுக்கும்போது நோயை மறைக்கவில்லை. மறைத்தால் பிறகு கோரிக்கையே செல்லாது. சொன்னதன் விளைவாக, ஏற்கனவே இருந்த நோய்களால் வரும் செலவு சேராது என்று எழுதிக்கொடுத்தார்கள். விபத்துக்கும் பெட்டி தொலைவதற்கும் மட்டும்தான் அது உதவும் என்று தெரிந்துகொண்டே போனார்கள்.

அம்மாவின் சட்டைகளின் உட்பக்கம் மகள் ஒரு துணித் துண்டைத் தைத்தார். அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மகளின் இலக்கம். சங்கிலியில் அட்டை போட்டால் அம்மா கழற்றி எறிவார், சட்டைக்குள் தைத்ததை மட்டும் தடவிப் பார்த்து, "தையல் நெருக்கமா இருக்கு" என்றாராம். தங்கும் இடமாக ஹோட்டல் வேண்டாமென்று, வளசரவாக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஹோட்டலில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டில் புட்டு அவிக்கலாம். ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கும் பகுதி என்பதால் காதில் விழும் பேச்சும் பழக்கமானது. அம்மாவின் போர்வை, தலையணை உறை, சாமிப்படம், இரவு விளக்கு எல்லாம் பெட்டியில் ஏறின. கதவில் கட்ட ஒரு சின்ன மணியும்.

## பயண நாள்

காலை ஐந்து மணிக்கு வான் வெளிக்கிட்டது. மகள், பேத்தி, அம்மா. ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, அங்கிருந்து ஏ9 வீதி. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல் நிறுத்தினார்கள். அம்மா கற்பூரம் கொளுத்தினார், கச்சான் வாங்கச் சொன்னார். அந்த இடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கழிப்பறைக்கு மறுத்துவிட்டார். இதை மகள் எதிர்பார்த்தே இருந்தார். அதனால் புறப்படும்போதே தண்ணீரைக் குறைத்துவிட்டார். காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி, வழியில் ஓரிரு மிடறு. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

எதிர்பாராதது நடந்தது பாதுகாப்புச் சோதனையில். பலாலி உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த பகுதி, போகும் வழியிலேயே சீருடைக்காரர்கள் கண்ணில் படுவார்கள். சோதனைக்கூடத்தில் பெண் உத்தியோகத்தர் கையை உயர்த்தச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. கேட்காமலே சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். செருப்பைக் கழற்றினார். பைக்குள் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கத் தொடங்கினார். பேத்தியைக் கையால் தனக்குப் பின்னே தள்ளினார். பேத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவள் அந்தக் காலத்தில் குழந்தை. மகளுக்கு உடனே விளங்கியது. அம்மா நிற்பது விமான நிலையத்தில் அல்ல, யுத்த காலத்து ஓமந்தைச் சோதனைச் சாவடியில்.

சத்தம் போட்டிருந்தால் ஆட்கள் கவனித்திருப்பார்கள். அவர் மிகவும் ஒழுங்காக, பயத்தோடு கீழ்ப்படிந்தார். அதனால் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. மகள் உத்தியோகத்தரிடம் கடிதத்தைக் காட்டி, நாற்காலியில் இருந்தபடியே தான் பக்கத்தில் நிற்கச் சோதிக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் சம்மதித்து, முதலில் மகளைச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் அம்மாவைத் தொட்டார். மூன்று நான்கு நிமிடம் கூடச் சென்றிருக்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் அம்மா பேசவில்லை.

எங்கள் தலைமுறை ஆட்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். வேறு நாட்டவர் எழுதிய பயண ஆலோசனைகள் எதிலும் இது இருக்காது.

விமானத்தில் ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் மகள். பேத்தி கைக்குட்டைகள் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை அவிழ்த்துக் கொடுத்ததும் அம்மா விளிம்புக்கு விளிம்பு பிடித்து மடிக்கத் தொடங்கினார். முடிந்ததும் பேத்தி கலைத்துக் கொடுப்பாள். சென்னை வரும்வரை இதே வேலை. குடிவரவு உத்தியோகத்தர் எங்கே போகிறீர்கள் என்று அம்மாவிடமே கேட்டார். "கோணேசர் கோயிலுக்கு" என்றார் அம்மா. கடிதத்தைப் பார்த்ததும் அவர் மேலே கேட்கவில்லை.

## சென்னையில்

முதல் இரவுக்கு முழு ஏற்பாட்டோடு இருந்தார்கள். கட்டிலிலிருந்து இறங்கினால் கழிப்பறை இடப்பக்கம் வருமாறு கட்டிலையே திருப்பிப் போட்டார்கள். கழிப்பறை விளக்கு எரிய, கதவு திறந்திருக்க விட்டார்கள். வாசலில் மணி. அம்மா இரண்டு தடவை எழும்பி, இரண்டு தடவையும் சரியாகப் போய்வந்தார். மட்டக்களப்பு இரவு இல்லாமல் கட்டிலைத் திருப்பும் யோசனை யாருக்கும் வந்திருக்காது.

அடுத்தநாள் மகன் குடும்பம் வந்தது. அம்மா மகனைத் தன் இறந்துபோன தம்பியின் பெயரால் கூப்பிட்டார். அவர் திருத்தப் பார்த்தார், "அம்மா, நான் உங்கட மகன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் அவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசியபிறகு விட்டுவிட்டார். கொப்பியில் மகள் எழுதியிருப்பது ஒரு வரிதான்: "அண்ணா படியில் இருந்து அழுதார்."

வரவேற்பு பின்னேரம் ஏழு மணிக்கு. அம்மாவின் மோசமான நேரம். அதனால் அன்று காலையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உடுத்திக்கொண்டு வளசரவாக்கம் வீட்டுக்கே வந்து விழுந்து கும்பிட்டார்கள். இது மகளின் யோசனை. அப்பம்மாவுக்குப் பேரன் யாரென்று தெரியவில்லை. ஆனால் பெண்ணின் சட்டையைப் பிடித்துப் பார்த்து, "கைக்குழி இழுக்குது. ஊசி நூல் கொண்டு வாங்கோ" என்றார். பெண் கூச்சப்படாமல் பக்கத்தில் இருந்தாள். அம்மா பிரித்துத் தைத்துக் கொடுத்தார். தையல் கோணலில்லை என்று பேத்தி சொல்கிறாள். அரை மணி நேரம் அவர் அந்த வீட்டில் வேலை தெரிந்த ஆளாக இருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உறவுக்காரர் எல்லோரும் பார்க்க வருகிறார்கள், அம்மா மேடையில் ஒரு படமாவது எடுக்கவேண்டும் என்று மகன் வற்புறுத்தினார். கூட்டிப்போனார்கள். ஒலிபெருக்கி, மேடை விளக்கு, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான முகங்கள். இருபது நிமிடத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். பேத்தி கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்றும் மண்டபத்தில் கழிப்பறைச் சிக்கல் வரக்கூடாதென்று மத்தியானத்திலிருந்து தண்ணீர் குறைக்கப்பட்டிருந்தது. ஆவணி மாதத்துச் சென்னை வெக்கையில்.

## திடீர்க் குழப்பம்

மறுநாள் காலை அம்மா எழும்பவே இல்லை. எழுப்பினால் கண்ணைத் திறப்பார், ஒரு வசனம் முடிவதற்குள் மறுபடி மயங்குவார். பின்னேரம் நேர்மாறு. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அடித்தார், மகளைக் கடிக்கப் பார்த்தார். இரவு முழுக்க உறக்கமில்லை. உறவினர் ஒருவர் தன்னிடமிருந்த தூக்கமாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார். மகன், "நோய் முத்திட்டுது, நாங்கள்தான் கூட்டிவந்து கெடுத்தது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் விடியற்காலை எனக்கு அழைப்பு எடுத்தார். நான் கேட்டது மூன்று கேள்வி: இது எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சலம் (சிறுநீர்) போனார், எவ்வளவு குடித்தார். நேற்று, தெரியாது, மிகக் குறைவு என்றார். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்குகிற நோய். ஒரே நாளில் ஆள் மாறினால், அதுவும் மணிக்கு மணி கூடிக் குறைந்தால், அது டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பம். அதற்குப் பின்னால் உடம்பில் ஏதோ ஒன்று இருக்கும்: கிருமித்தொற்று, நீர்க்குறைவு, மலச்சிக்கல், புது மருந்து, தூக்கமின்மை. வயதானவருக்கு, மறதிநோய் உள்ளவருக்கு இது மிக எளிதில் வரும். சலக்கிருமி இருந்தாலும் காய்ச்சலோ எரிவோ தெரியாமலே குழப்பம் மட்டும் முதலில் தெரிவதுண்டு. தூக்கமாத்திரை கொடுக்கவேண்டாம், அம்மாவைக் காட்டி இரத்தமும் சலமும் சோதிக்கச் சொல்லுங்கள், பழைய மருந்துத்துண்டைக் கையில் கொண்டுபோங்கள் என்றேன்.

சலத்தில் தொற்று இருந்தது, உடம்பில் நீரும் வற்றியிருந்தது. சேலைன் ஏற்றி, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள். இரவில் அம்மாவை வார்டில் தனியே விடாமல் மகளும் பேத்தியும் மாறி மாறி இருந்தார்கள். மூன்றாம் நாளளவில் முகம் தெளிந்தது. செலவு முழுவதும் மகனின் கையிலிருந்து. காப்புறுதி உதவாது என்பது தெரிந்ததுதான்.

உடனே ஊர் திரும்பிவிடலாம் என்று மருமகன் தொலைபேசியில் சொன்னார். குழப்பம் அடங்காமல் விமானத்தில் ஏற்றவேண்டாமென்று தள்ளிப்போட்டார்கள். சீட்டை மாற்றியதற்குத் தனிக் கட்டணம். திரும்பும்போது தண்ணீரைக் குறைக்கவில்லை, பம்பஸ் (பெரியவர்களுக்கான டயப்பர்) போட்டுவிட்டார்கள். அம்மா எதிர்க்கவில்லை. சோதனையில் இந்தத் தடவை மகள் முன்கூட்டியே, "அம்மா, முதல் எனக்கு, பிறகு உங்களுக்கு" என்று சொல்லிவைத்தார். அடையாள அட்டையை எடுத்து நீட்டுவது மட்டும் மாறவில்லை.

## ஊர் திரும்பிய பின்

உப்புவெளி வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. சில வாரங்களுக்குக் காலையிலும் "வீட்ட போகோணும்" இருந்தது. கட்டிலிலிருந்து இறங்கி வலப்பக்கம் இடப்பக்கம் தடுமாறினார். மெல்ல மெல்ல அது குறைந்தது. ஆனால் தானே குளிப்பது திரும்பி வரவில்லை. பயணம் போகாமலே இருந்திருந்தாலும் அந்த வருடத்துக்குள் அது போயிருக்கலாம். டெலிரியம் வந்தவர்களில் பலர் பழைய நிலைக்கு முழுதாக வருவதில்லை என்பதும் உண்மை. இந்த அம்மாவில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, குடும்பத்தில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவும் இடமில்லை.

அம்மாவுக்குச் சென்னை நினைவில்லை. தைத்த சட்டையும் நினைவில்லை. மகன் மட்டும் இப்போது ஞாயிறுகளில் எங்கள் பின்னேரத்தில் அழைக்கிறார், தம்பியின் பெயரால் கூப்பிட்டால் "ஓம் அக்கா" என்கிறார்.

மகளுக்கு வந்த களைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. லீவு முழுக்க முடிந்துவிட்டது, பிறஷர் கூடி அவரே கிளினிக்குப் போகத் தொடங்கினார்.

## எதை மாற்றலாம்

முதலாவது தண்ணீர். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது எங்கள் ஊரில் பராமரிப்பவர் அநேகர் செய்வது, செய்வதாகச் சொல்வதில்லை. பம்பஸை முதல் நாளிலிருந்தே போட்டுப் பழக்கியிருந்தால் மருத்துவமனை வாசலை மிதித்திருக்கவேண்டி வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பயணத்துக்கு முன்னர் ஒரு சலப் பரிசோதனை செய்வதும் அதிக செலவில்லாத வேலை.

வரவேற்பு மண்டபத்துக்குக் கூட்டிப்போனது தேவையில்லாதது. காலையில் வீட்டில் நடந்ததே முழு நிகழ்ச்சி. இப்படியான குடும்பங்களுக்கு நான் இப்போது சொல்வது, முதியவருக்கான சடங்கை அவருடைய நேரத்தில், அவருடைய அறையில் தனியாக வைத்துவிடுங்கள், படத்தையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

இரவுக்கு இரண்டு பேர் வேண்டும். மருத்துவமனையில் பேத்தி மாறியதைத் தவிர, மகள் ஒருவரே எல்லா இரவும் விழித்திருந்தார். மகனோ மருமகளோ ஓர் இரவு மாறியிருந்தால் மகளுக்கு உறக்கமும் கிடைத்திருக்கும், அவர்களுக்கும் நோய் விளங்கியிருக்கும்.

இன்னொன்று, யாரும் கடைசிவரை கேட்காத கேள்வி. சென்னைவரை வந்த மணமக்களும் மகனும் மருமகளும் பலாலி வழியாக இரண்டு நாள் திருகோணமலைக்கு வந்திருக்கலாமே? அம்மா ஒருவர் அசையாமல் இருக்க, அசையக்கூடிய நான்கு பேர் வருவது சுலபம். மகனுக்கு ஊருக்கு வர ஏதோ தயக்கம், அதை யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் திட்டமே வேறாக இருந்திருக்கும்.

இப்போது மருமகனின் தங்கை பிள்ளைக்கு லண்டனில் கலியாணம் வைத்திருக்கிறார்கள். மகள் தனியாகப் போவதாக முடிவு. அம்மா வீட்டிலேயே இருப்பார், பேத்தியும் சம்பளத்துக்கு வரும் ஓர் அம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். அதற்கும் ஒத்திகை தொடங்கியாகிவிட்டது. மகள் சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் வந்து படுக்கிறார், தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.